போர்ட் எலன் வடிசாலையை ஏன் மூடினார்கள்?

கேள்வி இதுதான்: இன்று ஒரு பாட்டில் பல லட்சம் ரூபாய்க்குப் போகும் போர்ட் எலன் விஸ்கியைக் காய்ச்சிய வடிசாலையை 1983-ல் ஏன் மூடினார்கள்? அவ்வளவு நல்ல சரக்கு என்று மூடியவர்களுக்குத் தெரியாதா? 2024-ல் மறுபடி திறந்திருக்கிறார்களே, அதில் வருவது பழைய போர்ட் எலன்தானா?

தெரியாது என்பதுதான் உண்மை. 1983-ல் அதைத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அன்றைக்கு போர்ட் எலன் என்பது கடையில் போய்ப் பெயர் சொல்லி வாங்குகிற விஸ்கி அல்ல. அங்கே வடித்ததில் பெரும்பகுதி பீப்பாய்களில் ஏறி, பிற ஆலைகளின் சரக்கோடு கலந்து, வேறு பெயர்களில் பாட்டிலுக்குள் போனது. நாம் இன்று பேசுகிற போர்ட் எலனை, அதாவது ஏலத்தில் அடித்துக்கொள்ளும் போர்ட் எலனை, உருவாக்கியதே அந்த மூடல்தான். ஆலை ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அது இன்று ஐலா தீவின் பல ஆலைகளில் ஒன்றாக, பன்னிரண்டு வருட விஸ்கியை நியாயமான விலைக்கு விற்றுக்கொண்டிருக்கும். கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் இது விளங்கும்.

ஐலா, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய எப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் தெற்கு முனையில் இருக்கிறது. மரம் குறைவு, காற்று அதிகம், தரையில் தோண்டினால் பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருடங்களாக மட்கி இறுகிய கரிமண்தான் பீட். விறகில்லாத ஊரில் அதுதான் அடுப்பெரிக்க உதவியது, முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் உதவியது. அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்த பிறகும் போகாமல் தங்கிவிடும். ஐலா விஸ்கிக்கு உள்ள மருந்து வாசனை, தார் வாசனை எல்லாம் அங்கிருந்து வருபவை.

தீவின் நிலச்சுவான்தார் வால்டர் ஃபிரெடரிக் கேம்பல் 1821-ல் தென்கரையில் ஒரு புதிய கிராமத்தைத் திட்டமிட்டுக் கட்டினார். மனைவி எலினரின் பெயரால் அது போர்ட் எலன் ஆயிற்று. அவர் இளவயதிலேயே இறந்துபோக, துறைமுக வாயிலில் 1832-ல் அவர் நினைவாகச் சதுர வடிவில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம் எழுப்பினார். இன்றும் கப்பலில் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

1823-ல் பிரிட்டிஷ் அரசு கலால் சட்டத்தைத் திருத்தியது. வரி இறங்கியது, பத்து பவுண்டு உரிமக் கட்டணம் கட்டினால் சட்டப்படி காய்ச்சலாம் என்றானது. அதுவரை குகையிலும் குடிசையிலும் திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். தீவெங்கும் உரிமம் பெற்ற ஆலைகள் கிளம்பிய அந்த அலையில், 1825-ல் அலெக்சாண்டர் கெர் மக்காய் என்பவர் போர்ட் எலன் கடற்கரையில் ஆலையைத் தொடங்கினார். தொடங்கிய வேகத்திலேயே திவாலானார். ஆலை உறவினர்கள் கைக்கு மாறி, அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று கொஞ்சகாலம் தடுமாறியது.

அதைத் தூக்கி நிறுத்தியவர் ஜான் ராம்ஸே. 1830-களில் ஐலாவுக்கு வந்த இளைஞர். ஆலையை வைத்துக்கொள்ளலாமா விற்றுவிடலாமா என்று பார்த்துச் சொல்லத்தான் குடும்பத்தார் அவரை அனுப்பினார்கள் என்பார்கள். அவர் வைத்துக்கொள்ளலாம் என்றார், தானே நடத்தவும் ஆரம்பித்தார். அடுத்த அறுபது வருடம் போர்ட் எலன் என்றால் ராம்ஸே, ராம்ஸே என்றால் போர்ட் எலன். கிளாஸ்கோவுக்கும் ஐலாவுக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்தை வலுப்படுத்தியதில் அவருக்குப் பங்குண்டு. ஷெர்ரி, மதீரா என்ற ஒயின் வகைகளையும் இறக்குமதி செய்தார். வரி கட்டாமலே பெரிய பீப்பாய்களில் ஏற்றுமதி செய்யும் உரிமையை 1848-ல் பெற்று, அமெரிக்காவுக்கு நேரடியாக விஸ்கி அனுப்பியவர்களில் முன்னோடி ஆனார். வடித்து வரும் சாராயத்தை ஊழியர் தொட முடியாதபடி கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடவிட்டுப் பூட்டும் ‘ஸ்பிரிட் சேஃப்’ கருவியைத் தொடக்கத்தில் சோதித்த இடங்களில் போர்ட் எலனும் ஒன்று என்று விஸ்கி வரலாற்றில் சொல்வார்கள். ஆனியாஸ் காஃபி தொடர்வடிப்புக் கருவியை உருவாக்கிய காலத்தில் இங்கே வந்து பரிசோதனை செய்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு. அந்தக் கருவிதான் பின்னால் மலிவான தானியச் சாராயத்தைப் பெருக்கி, கலப்பு விஸ்கி என்ற தொழிலையே பிறப்பித்தது. அந்தத் தொழில்தான் போர்ட் எலனை மூடியது. வழக்கு உண்மையென்றால், பாம்புக்குப் பால் வார்த்த கதைதான்.

ராம்ஸேயைப் பற்றி விஸ்கிப் பிரியர்கள் எழுதும்போது இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தீவுக்காரர்களுக்கு அவர் வேறொரு காரணத்துக்காகவும் நினைவிருக்கிறார். 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. கடனில் மூழ்கிய கேம்பல் தீவையே இழந்தார். ராம்ஸே 1855-ல் கில்டால்டன் பண்ணையை வாங்கினார். லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் ஆலைகள் இருக்கிற தென்கரை முழுதும் அந்தப் பண்ணைக்குள்தான் வரும். அதாவது போட்டியாளர்களுக்கு அவர் நிலக்கிழாராகவும் ஆனார். பிறகு 1860-களில் தன் குத்தகைக் குடும்பங்கள் பலவற்றைக் கனடாவுக்குக் குடிபெயர ஏற்பாடு செய்தார். பயணச் செலவுக்கு உதவினார். 1870-ல் தானே கனடா போய், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டும் வந்தார். அந்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மேட்டு நிலங்களில் வீட்டைக் கொளுத்தி மக்களைத் துரத்திய பண்ணையார்களோடு ஒப்பிட்டால் இவர் எவ்வளவோ மேல். ஆனாலும் ஆட்களை அனுப்பிவிட்டு நிலத்தை வைத்துக்கொண்டவர் என்பது மாறாது. 1831-ல் ஐலாவில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். இன்று மூவாயிரத்துச் சொச்சம். ஆலையின் பொற்காலத்தைப் பேசும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ராம்ஸே 1892-ல் இறந்தார். மனைவி, பிறகு மகன் என்று குடும்பம் சிலகாலம் ஓட்டியது. முதல் உலகப்போர் முடிந்தபின் 1920-ல் ஆலை விற்கப்பட்டது. வாங்கியவர்கள் ஜேம்ஸ் புகானன், ஜான் டூவர் என்ற இரண்டு பெரிய கலப்பு விஸ்கி நிறுவனங்கள். 1925-ல் அந்த நிறுவனங்கள் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட் என்ற மாபெரும் குழுமத்தோடு இணைந்தன. சுருக்கமாக டி.சி.எல். போர்ட் எலனும் அதோடு போயிற்று. அமெரிக்காவில் மதுவிலக்கு, பின்னாலேயே பொருளாதார வீழ்ச்சி. 1930-ஐ ஒட்டி போர்ட் எலனில் அடுப்பு அணைந்தது.

1983 மூடல் முதல் மூடல் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் மூடல் ஒரு தலைமுறைக்கு மேல், கிட்டத்தட்ட நாற்பது வருடம் நீடித்தது. பார்லி முளைகட்டும் களமும் கிடங்குகளும் பயன்பாட்டில் இருந்தன. வடிப்பு மட்டும் இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கா ஸ்காட்ச்சை இழுத்துக் குடிக்கத் தொடங்கியதும் டி.சி.எல். இருந்த ஆலைகளை எல்லாம் விரித்தது. போர்ட் எலனை ஏறக்குறையப் புதிதாகவே கட்டி, இரண்டு வடிகலன்களை நான்காக்கி, 1967-ல் ஓடவிட்டது. முதலில் நிலக்கரித் தீயில் சூடாக்கினார்கள்; 1970-ல் நீராவிக்கு மாற்றினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏலக் கூடங்களில் ‘1825-ல் நிறுவப்பட்டது’ என்று பக்தியோடு சொல்வார்கள். ஆனால் இன்று சந்தையில் புழங்கும் போர்ட் எலன் ஏறத்தாழ அனைத்தும் 1967-க்கும் 1983-க்கும் இடைப்பட்டது. ராம்ஸே காலத்துச் சரக்கு அல்ல, பாரம்பரியக் கைவினையும் அல்ல. பெருநிறுவனம் ஒன்று கலப்புக்குப் புகைச்சுவை வேண்டும் என்று நவீனமாக்கிய தொழிற்சாலையின் பதினாறு வருட உற்பத்தி. புராணம் முழுக்க அந்தப் பதினாறு வருடத்தின் மேல்தான் நிற்கிறது.

1973-ல் டி.சி.எல். வடிசாலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மால்ட் ஆலையைக் கட்டியது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பழைய முறையில் ஈரமான பார்லியைக் கல்தரையில் பரப்பி, ஆட்கள் மரத்துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பார்கள், தோள்பட்டை போய்விடும். இங்கே அதற்குப் பதில் ஏழு ராட்சத உருளைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐம்பது டன் பார்லியை உள்ளே வைத்து மெல்லச் சுழன்றபடி முளைக்க வைக்கும். முளை வந்ததும் சூளைக்குப் போகும். அங்கே பீட் புகை. எவ்வளவு புகை வேண்டும் என்று கேட்கிற ஆலைக்கு அவ்வளவு புகை ஏற்றித் தரலாம். லாகவூலினும் கல் ஈலாவும் தங்கள் சொந்தக் களங்களை மூடிவிட்டு இங்கிருந்து மால்ட் வாங்க ஆரம்பித்தன. கடற்கரைக் கிராமத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கான்கிரீட் பூதம். படமெடுக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு வெள்ளைக் கிடங்குகளைத்தான் எடுப்பார்கள். ஆனால் இந்தக் கதையில் பெயர் வாங்க வேண்டியது அந்தப் பூதம்தான் என்பது என் கருத்து. காரணம் பின்னால் வரும்.

சரி, ஏன் மூடினார்கள்?

விஸ்கித் தொழிலின் அடிப்படைச் சிக்கல், இன்று வடிப்பதை இன்று விற்க முடியாது என்பது. சட்டப்படி குறைந்தது மூன்று வருடம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். நடைமுறையில் ஐந்து, எட்டு, பன்னிரண்டு வருடம். ஆக, இன்றைக்கு அடுப்பு மூட்டுகிறவர் பத்து வருடம் கழித்து உலகம் எவ்வளவு குடிக்கும் என்று ஜோசியம் பார்த்துத்தான் மூட்டுகிறார். 1960-களில் விற்பனைக் கோடு மேலே மேலே போனது. அது அப்படியே போகும் என்று நம்பி எல்லோரும் ஆலைகளைப் பெருக்கினார்கள். 1973-ல் எண்ணெய் விலை எகிறியது. எழுபதுகளின் இறுதியில் பொருளாதார மந்தம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அடுத்த தலைமுறை ஸ்காட்ச்சை அப்பா குடிக்கிற சரக்கு என்று ஒதுக்கிவிட்டு வோட்காவுக்கும் வெள்ளை ரம்முக்கும் ஒயினுக்கும் போயிற்று. கிடங்குகளில் பீப்பாய்கள் குவிந்தன. அந்தத் தேக்கத்துக்கு ‘விஸ்கி ஏரி’ என்றே பெயர் வைத்தார்கள்.

டி.சி.எல்.லுக்குத் தனிப்பட்ட தலைவலியும் இருந்தது. பிரிட்டனுக்குள் விற்கும் விலையும் ஐரோப்பியக் கண்டத்துக்கு அனுப்பும் சரக்குக்கான விலையும் வேறாக வைத்திருந்தது. அது செல்லாது என்று ஐரோப்பிய ஆணையம் 1977-ல் சொன்னதும், கோபத்தில் ஜானி வாக்கர் ரெட் லேபிளையே பிரிட்டன் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. சொந்த ஊரில் தன் தலைசிறந்த சரக்கைத் தானே கடையிலிருந்து இறக்கிய நிறுவனம் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. போட்டியாளர்கள் அந்த இடத்தை ஆனந்தமாக நிரப்பிக்கொண்டார்கள்.

1983-ல் டி.சி.எல். தன் 45 மால்ட் வடிசாலைகளில் 11-ஐ மூடியது. பத்தோடு பதினொன்று என்போமே, போர்ட் எலனுக்கு அது எண்ணிக்கையிலேயே பொருந்திவிட்டது. வடக்கே பிரோரா, லின்லித்கோவில் செயின்ட் மக்டலீன், இன்வர்னஸ்ஸில் கிளென் ஆல்பின், கிளென் மோர் எல்லாம் அதே பட்டியல். 1985-ல் இன்னொரு கொத்து ஆலைகள் போயின.

ஐலாவில் டி.சி.எல்.லுக்கு மூன்று ஆலைகள்: கல் ஈலா, லாகவூலின், போர்ட் எலன். மூன்றும் புகையேறிய மால்ட்டைக் கலப்புக்குத் தருபவை. கலப்பில் அத்தகைய மால்ட் உப்பு மாதிரி. கொஞ்சம் போதும், அதிகமானால் கெடுத்துவிடும். மூன்று ஆலைகள் தேவையில்லை என்ற முடிவு வந்தபின் எதை விடுவது என்பதில் பெரிய விவாதம் நடக்க வாய்ப்பில்லை. கல் ஈலாவை 1972-க்கும் 1974-க்கும் இடையில்தான் இடித்துப் புதிதாகக் கட்டி ஆறு வடிகலன் வைத்திருந்தார்கள். போட்ட காசு அங்கே இருந்தது, கொள்ளளவும் அதிகம். லாகவூலின் ஒயிட் ஹார்ஸ் என்ற புகழ்பெற்ற கலப்பு விஸ்கியின் தாய்வீடு. அந்தப் பெயரைத் தொட முடியாது. போர்ட் எலனுக்குச் சொந்தமாகப் பெயரும் இல்லை, பெரிய கொள்ளளவும் இல்லை. 1980-ல் எலிசபெத் அரசி வருகை தந்தபோது நினைவுக்காகப் பன்னிரண்டு வருட விஸ்கியைக் கொஞ்சம் பாட்டிலில் அடைத்தார்கள். அரசி வந்துபோன மூன்றாம் வருடம், 1983 மே மாதத்தில், ஆலை நின்றது.

சரக்கின் தரம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. ‘இவ்வளவு நல்ல விஸ்கியை ஏன் மூடினார்கள்’ என்ற கேள்வி நம் காலத்துக் கேள்வி. அந்த மேசையில் அமர்ந்திருந்தவர்கள் முன்னால் இருந்தது விஸ்கி அல்ல, லிட்டர் கணக்கு. அவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கையிலிருந்த தகவலுக்கு அது சரியான முடிவுதான்.

காலம் செய்த கேலி அடுத்த ஐந்து வருடத்தில் வந்தது. 1986-ல் கின்னஸ் நிறுவனம் டி.சி.எல்.லை வளைத்துப் போட்டது. புதிய முதலாளிகள் 1988-ல் ‘கிளாசிக் மால்ட்ஸ்’ என்று ஆறு ஆலைகளின் சிங்கிள் மால்ட்டுகளை வரிசையாக அறிமுகம் செய்தார்கள். ஒரே ஆலையின் மால்ட்டைக் கலக்காமல், ஊர்ப்பெயரோடு விற்கும் மோகம் அங்கிருந்து வேகம் பிடித்தது. ஐலாவின் சார்பில் லாகவூலின் போயிற்று. போர்ட் எலனின் உரிமமோ 1992-ல் ரத்தானது. வடிகலன்களைக் கழற்றினார்கள், வடிப்புக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்தார்கள், கிடங்குகளும் பழைய சூளைக் கட்டடமும் மிஞ்சின. கழற்றிய வடிகலன்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின என்று ஒரு கதை விஸ்கி வட்டாரத்தில் நெடுநாளாகச் சுற்றுகிறது. கேட்கச் சுவையான கதைதான், கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இடித்ததுதான் போர்ட் எலனைத் தனியாகப் பிரித்தது. ஆர்ட்பெக் 1981-ல் மூடியது. பிறகு அரைகுறையாக ஓடி, மறுபடி நின்று, 1997-ல் கிளென்மோரஞ்சி நிறுவனம் வாங்கியதும் உயிர்பெற்றது. தொண்ணூறுகளின் நடுவில் மூடிய ப்ரூக்லாடி 2001-ல் எழுந்தது. இரண்டிலும் வடிகலன்கள் அதே இடத்தில் தூசி படிந்து நின்றுகொண்டிருந்தன. துடைத்துப் பழுதுபார்த்து நெருப்பு வைத்தால் போதும். போர்ட் எலனில் நெருப்பு வைக்க எதுவும் இல்லை. எனவே கிடங்கில் இருக்கும் பீப்பாய்களே கடைசி என்ற எண்ணம் உறுதியானது. குடிக்கக் குடிக்கக் குறையும், திரும்ப வராது.

முதலில் இதை உணர்ந்தவர்கள் தனிப்பட்ட பாட்டில்காரர்கள். கார்டன் அண்ட் மக்ஃபெயில், சிக்னேட்டரி, கேடன்ஹெட், டக்ளஸ் லெயிங் போன்ற நிறுவனங்கள் தரகர்கள் வழியாகப் போர்ட் எலன் பீப்பாய்களை வாங்கித் தங்கள் லேபிளில் விற்றன. கலப்புக்குப் போக வேண்டிய சரக்கு இருபது வயதைக் கடந்தபோது எலுமிச்சையும் மெழுகும் தாரும் கடற்காற்றும் கலந்த, கத்தி போல் நேரான ஒரு விஸ்கியாக இருப்பதைச் சுவைத்தவர்கள் கண்டார்கள்.

அது ஏன் அப்படி ஆனது என்பதற்கு நான் ஏற்கும் விளக்கம், மரம். கலப்புக்குப் போகும் சரக்குக்கு யாரும் புத்தம்புது ஷெர்ரிப் பீப்பாயை வீணாக்கமாட்டார்கள். ஏற்கெனவே பலமுறை நிரப்பி, சத்தெல்லாம் போன பழைய பீப்பாய்களில்தான் ஊற்றிவைத்தார்கள். புதிய பீப்பாயில் முப்பது வருடம் போட்டிருந்தால் விஸ்கி மரக்கஷாயமாகியிருக்கும். களைத்த பீப்பாய் எதையும் பெரிதாகத் தரவில்லை. சாராயத்தின் குணம் கெடாமல் மெல்ல முதிர்ந்தது. கஞ்சத்தனத்தில் செய்தது கலையாகிவிட்டது. அதற்காக எல்லாப் போர்ட் எலனும் அமுதம் என்று நினைத்துவிட வேண்டாம். செத்த பீப்பாயில் செத்துக் கிடந்த சரக்கும் அதே பெயரில், அதே விலையில் வந்திருக்கிறது. மூடிய ஆலை என்ற ஒளிவட்டம் சுவையில் உள்ள குறையை மறைக்கும். விமர்சகர்கள்கூட இதற்கு விலக்கல்ல.

கின்னஸ் வழியில் 1997-ல் உருவான டியாஜியோ, 2001 முதல் ஆண்டுக்கொரு முறை போர்ட் எலனை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. முதல் வெளியீடு 1979-ல் வடித்த 22 வருட விஸ்கி, 6,000 பாட்டில், விலை நூற்றுச் சொச்சம் பவுண்டு. அப்போதே அதை அநியாயம் என்றவர்கள் உண்டு. வருடம் ஏற ஏறப் பாட்டில் குறைந்தது, வயது கூடியது, விலை பறந்தது. 2017-ல் வந்த பதினேழாவது வெளியீடு 37 வருடம். விலை 2,000 பவுண்டைத் தாண்டியிருந்தது. பதினாறு வருடத்தில் ஏறத்தாழ இருபது மடங்கு. அந்த அளவில் அது குடிக்கிற பொருளாக இல்லாமல் பத்திரமாக, பங்காக மாறிவிடுகிறது. வாங்குகிறவர் திறப்பதில்லை, அடுத்தவருக்கு விற்கிறார். முப்பது வருடம் பீப்பாயில் காத்திருந்த சரக்கு, பிறகு கண்ணாடி அலமாரியில் காத்திருக்கிறது. எனக்கு இதில் பெரிய மரியாதை இல்லை.

2017 அக்டோபரில் டியாஜியோ போர்ட் எலனையும் பிரோராவையும் 3.5 கோடி பவுண்டு செலவில் மீண்டும் திறப்பதாக அறிவித்தது. பிரோராவின் பழைய கட்டடமும் வடிகலன்களும் அப்படியே இருந்தன, 2021-ல் திறந்துவிட்டார்கள். போர்ட் எலனில் ஏறக்குறைய வெறும் நிலம். 2024 மார்ச் 19-ல்தான் திறப்பு.

இப்போது மூன்றாவது கேள்வி. வருவது அதே விஸ்கிதானா?

பழைய வரைபடங்களை வைத்து, பழைய வடிகலன்களின் அச்சு அசலாக ஒரு ஜோடி செம்பு வடிகலன்கள் செய்திருக்கிறார்கள். ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயர். வடிகலனின் உயரம், கழுத்தின் சாய்வு இவையெல்லாம் சாராயத்தின் கனத்தைத் தீர்மானிப்பவை என்பதால் இது வெறும் அலங்காரம் அல்ல. பக்கத்தில் பரிசோதனைக்கென்று இன்னொரு சிறிய ஜோடி. வடிப்பில் முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுப்பது வழக்கம். புதிய ஆலையில் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கும் ஸ்பிரிட் சேஃப் வைத்து அந்த நடுப்பகுதியையே துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்கிறார்கள். 1970-களின் தொழிலாளிக்கு இதைக் காட்டினால் சிரித்திருப்பார்.

ஆனால் 1967–83 சரக்கைத் தந்தது வடிகலன் மட்டும் அல்ல. அந்தக் காலத்துப் பார்லி ரகங்கள் இன்று பெரும்பாலும் விளைவதில்லை. ஈஸ்ட் மாறிவிட்டது. முக்கியமாக, அலட்சியம் மாறிவிட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்காத ஆலையில், எதிர்பார்ப்பே இல்லாமல், தேய்ந்த பீப்பாயில் ஊற்றிவைத்து மறந்ததால் வந்த சுவையை, உலகமே உற்றுப்பார்க்கும் ஆலையில் திட்டமிட்டு வரவழைக்க முடியுமா? என் மதிப்பீட்டில், நல்ல விஸ்கி வரும். அதே விஸ்கி வராது. சட்டப்படி அது விஸ்கி என்று அழைக்கப்படவே 2027 ஆகும். பன்னிரண்டு வயதைப் பார்க்க 2036. இடையில் பழைய கையிருப்பை வைத்துத்தான் வியாபாரம். திறப்பை ஒட்டி ‘ஜெமினி’ என்ற பெயரில் 1978-ல் வடித்த 44 வருட விஸ்கியை இரட்டைப் பாட்டில்களாக 274 ஜோடி விட்டார்கள். ஜோடி 45,000 பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய்.

இனி அந்தக் கான்கிரீட் பூதத்துக்கு வருகிறேன். 1983-ல் வடிசாலை நின்றபோது மால்ட் ஆலையும் நின்றுவிடும் நிலை இருந்தது. வாங்க ஆளில்லாமல் ஏழு உருளைகள் யாருக்காகச் சுழலும்? 1987-ல் ஐலாவின் வடிசாலைகளும் பக்கத்து ஜூரா தீவின் வடிசாலையும் சேர்ந்து, தங்கள் மால்ட் தேவையில் ஒரு பங்கைப் போர்ட் எலனில் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டன. ஒன்றுக்கொன்று போட்டியான முதலாளிகள், தீவில் வேலைகள் போகக் கூடாது என்று சேர்ந்து எடுத்த முடிவு. லஃப்ராய்க்கும் போமோரும் சொந்தக் களத்தில் ஓரளவு மால்ட் செய்துகொண்டே மீதியை வெளியிலிருந்து எடுத்தன. லாகவூலினும் கல் ஈலாவும் இதையே நம்பியிருந்தன. வடிசாலை இறந்துகிடந்த நாற்பது வருடமும் போர்ட் எலனில் பீட் புகைந்துகொண்டுதான் இருந்தது. தீவின் பல பாட்டில்களுக்குள் போய்க்கொண்டும் இருந்தது. இடத்தை முழுதாக விற்றோ தரைமட்டமாக்கியோ விடாமல் வைத்திருந்ததற்கும் அந்த மால்ட் ஆலை ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்வர்னஸ்ஸில் கிளென் ஆல்பினுக்கும் கிளென் மோருக்கும் அப்படி ஒரு துணை இல்லை. 1980-களிலேயே இரண்டையும் இடித்துக் கடைவளாகம் கட்டிவிட்டார்கள். செயின்ட் மக்டலீன் அடுக்குமாடி வீடாகிவிட்டது.

கேள்வி கேட்டவர் ஒருநாள் ருசி பார்க்கும் ஆசையில் கேட்டிருந்தால், இருக்கிற காசைக் கொட்டி மூடிய பாட்டில் வாங்க வேண்டாம். வெளிநாட்டு நகரங்களில் நல்ல விஸ்கி பார்களில் அரை மடக்கு விற்பார்கள். அதுவே பர்ஸைக் காலியாக்கும், ஆனாலும் அது குடிப்பதற்கான வழி. அதுவும் வேண்டாம் என்றால் கல் ஈலா பன்னிரண்டு வாங்குங்கள். போர்ட் எலன் மால்ட்டில் வந்தது. எழுபதுகளில் அதே முதலாளி, அதே வேலைக்கு, அதே தீவில் ஓட்டிய ஆலை. எலுமிச்சையும் சாம்பலும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். 1983-ல் அந்த மேசையில் முடிவு மறுபக்கம் சாய்ந்து கல் ஈலாவை மூடியிருந்தால், இன்று அந்தப் பாட்டிலை ஏலத்தில்தான் பார்த்திருப்போம், போர்ட் எலன் பன்னிரண்டு விமான நிலையக் கடையில் கிடைத்திருக்கும்.